புளியறையும் பல்கலைக்கழக மாற்றங்களும்

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் புளியறை. தட்சிணாமூர்த்தி கோயிலுக்கும் எல்லைச் சோதனைச்சாவடிக்கும் பெயர் பெற்றது. பல்கலைக்கழகம் எதுவும் அங்கே கிடையாது. ஆனாலும் இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே பட்டம் தரும் "கூட்டுப் பட்டம்" என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, இந்த ஊரின் வரலாறு நன்றாக உதவும்.

ஊர் நகரவில்லை, பல்கலைக்கழகம் மாறியது

1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டை தாலுகா தமிழ்நாட்டில் இல்லை. அது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. சில மைல் கிழக்கே இருக்கும் தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அதாவது, இங்கே ஒரு ராஜா, அங்கே வெள்ளைக்காரன்!

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையை ஒட்டி அமைந்தது. தொடக்கத்தில் அதன் வேலை பாடம் நடத்துவதல்ல. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. அந்தக் கல்லூரிகள் சென்னை மாகாணத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருவனந்தபுரத்தில் இருந்த மகாராஜா கல்லூரியும் சென்னையோடு இணைந்திருந்தது. சம்பளம் கொடுத்தது திருவிதாங்கூர் அரசு, பட்டம் கொடுத்தது சென்னை.

1937ல் திருவிதாங்கூர் தனக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. அதற்குப் பின் புளியறை மாணவன் மேற்கே திருவனந்தபுரம் போனால் திருவிதாங்கூர் பட்டம், கிழக்கே பாளையங்கோட்டை போனால் சென்னைப் பட்டம். 1956ல் தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்ததும் மீண்டும் சென்னைப் பல்கலைக்கழகம். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம். 1990ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. பட்டத்தில் முத்திரை வைக்கும் கைதான் மாறிக்கொண்டே வந்தது.

சுந்தரம் பிள்ளையின் பட்டம்

இந்தக் கதைக்குப் பொருத்தமான ஒரு மனிதரின் பெயரைத்தான் திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது. பெ. சுந்தரம் பிள்ளை 1855ல் ஆலப்புழையில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் படித்தார். பி.ஏ., எம்.ஏ. பட்டங்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்றார். பிறகு அதே திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் ஆனார். 1891ல் "மனோன்மணீயம்" நாடகத்தை வெளியிட்டார். படிப்பு ஒரு அரசின் கீழ், பட்டம் இன்னொரு அரசின் கீழ். இருந்தும் அந்தப் பட்டம் இரண்டு பக்கமும் செல்லுபடியானது.

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் இதே தாமோதரம் பிள்ளைதான். கொழும்பில் 1921ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுக்கே தயார் செய்தது. இலங்கைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் 1942ல்தான் வந்தது.

அப்படியானால் இவையெல்லாம் கூட்டுப் பட்டங்களா?

இல்லை. இங்கேதான் வேறுபாடு இருக்கிறது. அந்தக் காலத்தில் கற்பித்தவர் ஒருவர், தேர்வு வைத்தவர் வேறொருவர். எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தது சென்னையும் லண்டனும். கொழும்பு ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கேள்வித்தாள் லண்டனிலிருந்துதான் வரும். மாணவனுக்குக் கிடைத்தது அங்கீகாரம். கல்லூரி விலையாகக் கொடுத்தது சுதந்திரம். திருவிதாங்கூரும் இலங்கையும் பிற்பாடு சொந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உண்மையான கூட்டுப் பட்டத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பாடத்திட்டம் வகுக்கும், இரண்டும் கற்பிக்கும், இரண்டும் கையெழுத்துப் போடும். ஐரோப்பாவில் 1999ன் பொலோனா ஒப்பந்தமும் 2004ல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் திட்டமும் இதற்கு வழி திறந்தன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022ல் வெளியிட்ட விதிமுறைகள் மூன்று வகைகளைப் பிரித்துச் சொல்கின்றன.

இரட்டையர் முறை என்ற ட்வின்னிங்: வெளிநாட்டில் படிப்பது 30 சதவீத கிரெடிட்டுக்கு மேல் போகக் கூடாது. பட்டம் தருவது இந்திய நிறுவனம் மட்டும்.

கூட்டுப் பட்டம்: ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 30 சதவீத கிரெடிட். இரண்டு நிறுவனங்களின் பெயரிலும் ஒரே சான்றிதழ்.

இரட்டைப் பட்டம்: இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே பட்டம் தரும். இந்திய நிறுவனத்தில் குறைந்தது 30 சதவீத கிரெடிட் பெற வேண்டும்.

இந்த விதிமுறைகள் ஆன்லைன் படிப்புக்கும் தொலைநிலைக் கல்விக்கும் பொருந்தாது. வெளிநாட்டுப் பெயரைக் கடன் வாங்கிக் கடை விரிக்கும் "ஃபிரான்சைஸ்" முறைக்கும் அனுமதி இல்லை.

மாணவன் கேட்க வேண்டியவை

"வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வரும்போது கிராமத்துப் பெற்றோர் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டத் தயாராகிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் போதும். பாடத்திட்டத்தை வகுத்தது யார்? பாடம் நடத்துவது யார்? சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? மூன்றுக்கும் பதில் "இருவரும்" என்று வந்தால் அது கூட்டுப் பட்டம். ஒருவர் பெயர் மட்டும் வந்தால் அது பழைய சென்னை-திருவனந்தபுரம் ஏற்பாடுதான். அதுவும் மோசமில்லை, சுந்தரம் பிள்ளையை உருவாக்கிய ஏற்பாடு அது. ஆனால் அதற்குக் கூட்டுப் பட்டத்தின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

எல்லை எங்கே போட்டாலும் படிப்பு அதைத் தாண்டிப் போகும் என்பதைப் புளியறை நூறு வருஷத்துக்கும் மேலாகப் பார்த்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக நின்று கை கோர்ப்பதுதான் இதில் புதிது.