மொழி மாறினால் உரிமம் மாறுமா? கட்டற்ற மென்பொருள் உரிமங்களின் வரலாறும் திருப்பூர்த் தொழில்முறையும்

ஆய்வுச்சுருக்கம்

சி மொழியின் அமைப்பை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் அடா, லிஸ்ப், ஜாவா முதலிய பிற நிரல்மொழிகளுக்குச் சென்றபோது அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. தமிழ்க் கணிமையில் எழில் மொழியும், தொழில்துறையில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் ஜாப் ஒர்க் முறையும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், உரிமம், நிரல்மொழி, எழில், திருப்பூர், ஜாப் ஒர்க்

முன்னுரை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் அடக்கியது அதன் 1984ஆம் ஆண்டுத் திருத்தம். அதன்படி, செய்யுளும் நிரலும் சட்டத்தின் பார்வையில் ஓரினத்தவை. ஆயினும் செய்யுளுக்கு எழாத ஒரு வினா நிரலுக்கு எழுகிறது. ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் எழுதிய நிரலகத்தோடு பிணைத்து இயக்கும்போது, ஒரு படைப்பு எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதே அவ்வினா. இதற்குரிய விடை நிரல்மொழிதோறும் வேறுபடுகிறது. உரிமங்கள் மொழிக்கேற்பத் திருத்தப்பட்டதன் வரலாறு இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

சி மொழியும் பிணைப்பும்

குனு பொது உரிமத்தின் முதற்பதிப்பு 1989இல் வெளிவந்தது. 1991இல் அதன் இரண்டாம் பதிப்போடு நிரலகங்களுக்கெனத் தனியுரிமம் ஒன்றும் வெளியிடப்பட்டது. அதுவே 1999இல் பெயர் மாற்றம் பெற்று, எல்.ஜி.பி.எல். 2.1 எனச் சுருங்க வழங்கலாயிற்று. நிரலகத்தைத் திருத்திப் பிறருக்கு வழங்குவோர் திருத்தத்தின் மூலநிரலையும் தர வேண்டும் என்பதும், அதனைப் பயன்படுத்த மட்டும் செய்யும் நிரல் தன் உரிமத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்பதும் இவ்வுரிமத்தின் சாரம்.

இவ்வுரிமத்தின் ஐந்தாம் பிரிவு தலைப்புக் கோப்பு, மேக்ரோ, பொருள்கோப்பு என்னும் கலைச்சொற்களால் பேசுகிறது. பத்து வரிக்கு மிகாத சிறு மேக்ரோக்களும் உள்வரிச் செயற்கூறுகளும் மட்டுமே எடுத்தாளப்பட்டால் அப்பொருள்கோப்பின் பயன்பாட்டுக்குத் தடையில்லை என்கிறது. இவை யாவும் சி மொழியின் புழங்குபொருள்கள். தலைப்புக் கோப்பே இல்லாத மொழியில் இப்பிரிவு எதனைச் சுட்டும் என்னும் ஐயம் எழுந்தது இயல்பே.

பிற மொழிகளின் எதிர்வினைகள்

இவ்வையத்திற்கு மூவகைத் தீர்வுகள் தோன்றின. முதலாவது, விதிவிலக்கு. அடா மொழியில் பொதுமை அலகு ஒன்றைப் பயன்படுத்தும்போது அதன் நிரல் பயனரின் நிரலுக்குள்ளேயே விரிவடைகிறது. ஆதலால் நாட் தொகுப்பானின் நிரலகக் கோப்புகளில், அவ்வாறு விரிவடைவதால் மட்டுமே முழு நிரலும் ஜி.பி.எல். உரிமத்திற்கு உட்படாது என்னும் வாசகம் சேர்க்கப்பட்டது. பைசன் கருவியின் வரலாறு இன்னும் தெளிவானது. அக்கருவி உருவாக்கித் தரும் பகுப்பிகளைக் கட்டற்றதல்லாத நிரல்களிலும் பயன்படுத்தலாம் என்னும் இசைவு, 2.2ஆம் பதிப்புக்கு முன்னர் சி மொழியில் உருவாகும் ஒருவகைப் பகுப்பிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 2006இல் வெளிவந்த அப்பதிப்புக்குப் பின்னரே அது பொதுவாயிற்று. ஜாவாவின் மூலநிரலை ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் வெளியிடுவதாக 2006இல் அறிவித்த சன் நிறுவனமும் கிளாஸ்பாத் விதிவிலக்கை உடன்சேர்த்தது.

இரண்டாவது, உரை. பழஞ்சூத்திரத்தை மாற்றாமல் அதற்கு விளக்கம் எழுதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. லிஸ்ப் மொழிக்காகப் பிரான்ஸ் நிறுவனம் செய்தது அதுவே. எல்.ஜி.பி.எல். வாசகத்தை அப்படியே நிறுத்தி, அதன் சொற்கள் லிஸ்ப் சூழலில் எப்பொருள் தரும் என்பதை ஒரு முகவுரையில் வரையறுத்தது. ஜாவாவைப் பொறுத்தமட்டில், உரிமம் அம்மொழிக்கும் பொருந்தும் என விளக்கும் கட்டுரையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2004இல் வெளியிட்டது.

மூன்றாவது, மூலவாசகத்தையே திருத்துதல். 2007இல் வெளிவந்த எல்.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு, நிரலகத்தின் வகுப்பிலிருந்து துணைவகுப்பு வரையறுப்பதை இடைமுகத்தைப் பயன்படுத்தும் ஒரு முறையாகவே கொள்ளவேண்டும் என்றது. பத்து வரி விதியில் மேக்ரோக்களோடு வார்ப்புருக்களையும் சேர்த்தது. முன்னையது பொருள்நோக்கு மொழிகளுக்கும், பின்னையது சி++ மொழிக்கும் இடமளித்தவை எனலாம்.

2012இல் வெளிவந்த மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பு வேறு வழி சென்றது. அது பிணைப்பை அளவுகோலாகக் கொள்ளாமல், கோப்பினை எல்லையாகக் கொள்கிறது. கோப்பு அனைத்து மொழிகளுக்கும் பொதுவாதலின் மொழிசார் ஐயம் பெரிதும் குறைகிறது.

எழில் தரும் சான்று

தமிழ்ச்சொற்களால் நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி குறித்த ஆய்வுரை 2009இல் வெளிவந்தது. பைத்தான் மொழியில் அமைந்த அதன் வரிமொழிமாற்றி ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது. எழிலில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் திறவுச்சொல் பின்னும் வருவது தமிழ்த் தொடரமைப்பைப் பின்பற்றியதாகும்.

எழிலில் ஒரு மாணவி எழுதும் நிரல் எவ்வுரிமத்திற்கு உட்படும்? வரிமொழிமாற்றிக்கு நிரல் என்பது தரவே. எனவே மாற்றியின் உரிமம் அந்நிரலைக் கட்டுப்படுத்தாது என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. எழில் வரிமொழிமாற்றியையே ஒருவர் ஜாவாவில் வரிக்குவரி மாற்றி எழுதினால் நிலைமை வேறு. ஒரு படைப்பை மறுசீரமைத்தோ மாற்றியோ பயன்படுத்துவதை இந்தியச் சட்டம் தழுவல் என்கிறது. அத்தகைய தழுவலோடு மூல உரிமமும் உடன்செல்லும். கருத்தை மட்டும் கொண்டு புதிதாய் எழுதினால் அவ்வாறன்று. தமிழ்ச் சொற்பகுப்பிகளையும் பிழைதிருத்திகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் ஆய்வாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஓப்பன் தமிழ் நிரலகம் எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது. அதனை ஜி.பி.எல். நிரலில் சேர்க்கலாம், ஜி.பி.எல். நிரலை எடுத்து எம்.ஐ.டி. உரிமத்தில் மட்டும் வெளியிட இயலாது.

திருப்பூர் ஒப்புமை

திருப்பூரில் ஒரு பனியன் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் எனப் பல கூடங்களைக் கடக்கிறது. நூலும் துணியும் கைமாறினாலும் உடைமை மாறுவதில்லை. ஜாப் ஒர்க் செய்பவர் கூலி பெற்றுச் சரக்கைத் திருப்புகிறார். 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, வரி செலுத்தாமல் இவ்வாறு அனுப்பப்படும் உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும் என்கிறது.

ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் இரண்டாம் பிரிவில் இதே முறை காணப்படுகிறது. தமக்காக மட்டும் திருத்தித் தரும்பொருட்டு நிரலைப் பிறரிடம் ஒருவர் ஒப்படைக்கலாம். பெறுபவர் ஒப்படைத்தவரின் கட்டுப்பாட்டில் செயற்படவேண்டும். அவ்வுறவுக்கு வெளியே படியெடுக்கலாகாது. அவ்வாறாயின் அவ்வொப்படைப்பால் மூலநிரலை வெளியிடும் கடமை எழாது.

இதன் நடைமுறைப் பயன் சிறிதன்று. ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பில் கிடைக்கும் இஆர்பிநெக்ஸ்ட் என்னும் இந்திய நிறுவன மேலாண்மை மென்பொருளை ஓர் ஏற்றுமதி நிறுவனம் உள்ளூர் நிரலாளரைக் கொண்டு திருத்தித் தனக்குள் பயன்படுத்தினால் அது ஜாப் ஒர்க்கே. அத்திருத்தப் படியைத் தன் டையிங் கூடத்தாரின் சொந்தப் பயனுக்கு வழங்கினால் அது வழங்கல் ஆகிறது. அவர்களுக்கு மூலநிரலும் உரியது. இதனை அறியாத சிறு நிறுவனம், தான் கூலி கொடுத்து எழுதுவித்த நிரலின் மூலத்தைக் கேட்டுப்பெறவும் தவறுகிறது. அடுத்த திருத்தத்திற்கு அதே நிரலாளரையே சார்ந்திருக்கவும் நேர்கிறது.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. தைத்த லேபிளைப் பிரித்து மாற்றலாம். ஏறிய சாயத்தைப் பிரிக்க இயலாது. இயங்குநிலைப் பிணைப்பு லேபிளையும் நிலைப்பிணைப்பு சாயத்தையும் ஒத்தவை. ரஸ்ட் போன்ற மொழிகளில் நிலைப்பிணைப்பே இயல்பான முறை. பயனர் திருத்திய நிரலகத்தை மாற்றிப் பொருத்த வழிவேண்டும் என்னும் எல்.ஜி.பி.எல். நிபந்தனையை அங்கு நிறைவேற்றுவது கடினம். சாயத்திற்கும் லேபிளுக்கும் ஒரே விதி வகுக்க முயன்றதே இவ்வரலாறு நெடுகக் காணப்படும் சிக்கல்.

முடிவுரை

விதிவிலக்கு, உரை, திருத்தம் என்னும் மூன்று வழிகளிலும் உரிமங்கள் புதிய மொழிகளுக்கு இடம் தந்துள்ளன. எல்லையைப் பிணைப்பில் வைத்த உரிமங்களுக்கு மொழிதோறும் விளக்கம் தேவைப்பட்டது. கோப்பில் வைத்தவற்றுக்கு அத்தேவை குறைந்தது. தமிழ்க் கணிமைக் கருவிகளை வெளியிடும் ஆய்வாளர் உரிமத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுவது போதாது. தம் கருவி எம்மொழியில் அமைந்தது, பிறர் நிரலோடு எவ்வாறு பிணைகிறது, அப்பிணைப்பைத் தாம் எவ்வாறு கருதுகிறார் என்பவற்றையும் ஓரிரு தொடர்களில் உடன் எழுதிவைத்தல் வேண்டும். லிஸ்ப் முகவுரை இதற்குத் தக்க முன்மாதிரி.