கீழே விழுந்த பைக்கை உடனே முறுக்காதீங்க: 5 நிமிடம் செக் பண்ணுங்க

மழை பெய்தால் போதும், சென்னை ரோடுகளில் மணலிலும் சேற்றிலும் வழுக்கி பைக்கோடு சாய்பவர்கள் பலர். ஆளுக்கு அடி இல்லை என்றதும் "ஒண்ணும் ஆகலை" என்று தட்டிவிட்டு கிளம்பி விடுகிறார்கள். அப்புறம் சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதுதான் வில்லங்கம் தெரிகிறது.

முதலில் சாவியை ஆப் செய்து, வண்டியை ஓரம் கட்டுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

வலது பக்கம் விழுந்ததா? முன் பிரேக் லீவர், கால் பிரேக், ஆக்சிலேட்டரை பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சிக்கினால் ஓட்டவே கூடாது. இடது பக்கம் என்றால் கிளட்ச் லீவர், கியர் லீவரை பாருங்கள். வளைந்த கை லீவரை அங்கேயே நிமிர்த்தாதீங்க. அலுமினியம் என்பதால் பட்டென்று உடையும்.

இன்ஜின் அடியில் ஆயில் சொட்டுகிறதா? அது பின் டயரில் பட்டால் மறுபடியும் வழுக்கும். முன் சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில்பார் கோணலாக தெரிந்தால் போர்க் திரும்பியிருக்கலாம். மெக்கானிக் கடைக்கு தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

எல்லாம் சரி, ஆனால் ஸ்டார்ட் ஆகலையா? பயப்பட வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 பைக்குகள் பலவற்றில், வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. சாவியை ஒருமுறை ஆப் செய்து ஆன் செய்யுங்கள்.

மெதுவாக கொஞ்ச தூரம் ஓட்டி, 2 பிரேக்கையும் பிடித்துப் பார்த்து கிளம்புங்கள். தலை மோதியிருந்தால் டாக்டரை பாருங்கள், ஹெல்மெட்டையும் மாற்றி விடுங்கள். பெயிண்ட் கீறலை அப்புறம் பார்த்துக்கலாம்.