ஒரு இலை, மூன்று பெயர்கள்

2008-ல் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் ஒரு பழைய புகைப்படத்தை ஏலம் விடுவதாக இருந்தது. படத்தில் மனிதரும் இல்லை, மாளிகையும் இல்லை. ஒரே ஒரு இலை, அவ்வளவுதான்!

இலையைப் போய் யார் படமெடுப்பார்கள் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட்டுக்குப் படம் வரைய வராது. 1833-ல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வரைந்து பார்த்துத் தோற்றுப்போனவர், அந்தக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். ஊர் திரும்பி 1834-ல் சோதனையைத் தொடங்கினார். உப்புத் தண்ணீரில் நனைத்த தாளில் சில்வர் நைட்ரேட் பூசி, மேலே ஒரு இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தார். வெயில் பட்ட இடம் கறுத்தது. இலை மறைத்த இடம் வெளுப்பாகவே நின்றது. இலையின் மெல்லிய பகுதி வழியே கொஞ்சம் வெளிச்சம் கசிந்ததால் நரம்புகள்கூடத் தனியாகத் தெரிந்தன. கேமராவே தேவைப்படவில்லை. வெயிலில் வெகுநேரம் ஆடாமல் அசையாமல் கிடக்க இலையைப் போல யாரால் முடியும்?

1839 ஜனவரியில் பாரிசில் டாகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. முந்திக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று பதறிய டால்பாட், அதே மாதம் தன் படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தார். ஒரு தாள், கொஞ்சம் ரசாயனம், தோட்டத்து இலை போதும் என்பதால் மற்றவர்களும் வீட்டில் செய்து பார்த்தார்கள்.

ஏலத்துக்கு வந்த இலையும் டால்பாட்டுடையது என்றுதான் முன்பு கருதப்பட்டது. ஆனால் புகைப்பட வரலாற்று ஆய்வாளர் லாரி ஷாஃப், ஓரத்தில் இருந்த 'டபிள்யூ' என்ற எழுத்தைக் கவனித்தார். தாமஸ் வெட்ஜ்வுட்டாக இருக்குமோ? அவர் 1802-க்கு முன்பே இப்படி முயன்றவர். பதிந்த படத்தை நிலைக்க வைக்கத்தான் வழி தெரியவில்லை. அவருடையது என்றால் புகைப்பட வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். ஏலத்திலிருந்து படம் விலக்கப்பட்டது.

2015-ல் அதே ஷாஃப் விடையைச் சொன்னார். டால்பாட்டும் இல்லை, வெட்ஜ்வுட்டும் இல்லை. 1839-ல் அந்த இலையைப் பதித்தவர் பிரிஸ்டல் பகுதியைச் சேர்ந்த சாரா ஆன் பிரைட் என்ற பெண்மணி! பெண்கள் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று அது. பிரபலமான இரண்டு ஆண்களைச் சுற்றிவிட்டுத்தான் அவர் பெயருக்கு வர முடிந்தது. அப்போது சாரா இறந்து 149 ஆண்டுகள் ஆகியிருந்தன.