ததாமி ரயில் பாதை: பள்ளத்தாக்கு மக்களின் நூறாண்டுப் பெருமை

ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் உள்ள ஐசு வகமாட்சு நகரையும் நீகட்டா மாகாணத்தின் கொய்தேயையும் 135.2 கிலோமீட்டர் நீளத்தில் இணைப்பது ததாமி ரயில் பாதை. மலைகளுக்கு நடுவே ததாமி ஆற்றை ஒட்டியும் கடந்தும் செல்லும் இப்பாதை முழுமை பெற 45 ஆண்டுகள் ஆயின.

1926 அக்டோபர் 15 அன்று ஐசு வகமாட்சு முதல் ஐசு பாங்கே வரையிலான முதற்பகுதி திறக்கப்பட்டது. 1928இல் பாதை யனாய்சுவை எட்டியது. செங்குத்தான கரைகளையும் ஆழமான ஆற்றையும் வென்று 1941இல் மியாஷிதாவை அடைந்தது. மறுமுனையில் கொய்தேயிலிருந்து ஓஷிரகாவா வரை 1942இல் ரயில் ஓடத் தொடங்கியது.

போருக்குப் பின் நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. தகாசாகி தட்சுனோசுகேயை முதல் தலைவராகக் கொண்டு 1952இல் தோன்றிய மின்வள மேம்பாட்டு நிறுவனம் ததாமி ஆற்றில் தகொகுரா அணையைக் கட்டியது. 1956இல் கவாகுச்சி வரை வந்திருந்த பாதையை அந்நிறுவனமே 1957இல் அணை வரை நீட்டியது. சிமெண்டும் இயந்திரங்களும் அவ்வழியே சென்றன. அணைக்காகத் தகொகுரா ஊர் நீரில் மூழ்கியது. அவ்வூர் மக்களின் தியாகத்தை இவ்வரலாறு என்றும் நன்றியோடு நினைவுகூரும். சரக்குக்காகப் போட்ட தடம் ததாமி ஊர் வரை 1963இல் பயணிகளுக்கும் திறக்கப்பட்டது.

1971 ஆகஸ்ட் 29 பொன்னாள். 6,359 மீட்டர் நீளமுள்ள ரொகுஜூரிகோஎ சுரங்கம் வழியாக இரு முனைகளும் இணைந்தன. 1980களில் நட்டத்தில் ஓடிய கிராமப்புறப் பாதைகள் பல மூடப்பட்டபோதும் ததாமி பாதை நிலைத்தது. ஏனெனில், பனிக்காலத்தில் மலைச்சாலை மூடப்பட்டுவிடும். அப்போது மாகாண எல்லையைக் கடக்க ரயிலே வழி. தண்டவாளத்தில் குவியும் பனியை ஆண்டுதோறும் அகற்றி வந்த ஊழியர்களின் உழைப்பு போற்றுதற்குரியது.

2011 ஜூலை இறுதியில் பெருமழை கொட்டியது. ஆற்றின்மேல் உள்ள பாலங்களுக்கு வரிசை எண்ணே பெயர். அவற்றில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் பாலங்களின் இரும்பு உத்திரங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. கவாகுச்சிக்கும் ததாமிக்கும் இடையே 27.6 கிலோமீட்டர் தூரத்துக்குப் பேருந்துதான் ஓடியது. ஆயினும் பாதையைக் கைவிட மக்கள் இசையவில்லை. மாகாண அரசும் ஊராட்சிகளும் துணை நின்றன. அப்பகுதியின் தண்டவாளத்தை மாகாணம் ஏற்பது, ரயிலை கிழக்கு ஜப்பான் ரயில்வே இயக்குவது என 2017இல் உடன்பாடு கண்டனர்.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 2022 அக்டோபர் 1 அன்று ரயில் மீண்டும் முழுத் தடத்திலும் ஓடியது. நடைமேடைகளிலும் வயல் வரப்புகளிலும் திரண்டு நின்று மக்கள் கையசைத்து வரவேற்றனர். முன்னோர் துண்டு துண்டாக உருவாக்கித் தந்த பாதையைக் கைவிடாமல் காத்த தலைமுறை இது. அவர்தம் ஒற்றுமையால் ததாமி ரயில் இன்னும் பல தலைமுறை காண்க!