ஒண்டுக்குடித்தனம் வளர்த்த தெருக்கள்

மழைக்குத் தாழ்வாரத்தில் ஒண்டுகிறோம். அந்த ‘ஒண்டுதல்’ குடித்தனத்தோடு சேர்ந்தபோது, சென்னையின் பழைய தெருக்களில் பல தலைமுறை நீடித்த ஒரு வாழ்க்கைக்குப் பெயர் கிடைத்தது.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியும், மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பழைய மனைகள் குறுகலானவை, ஆனால் நீளமானவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம். தாண்டினால் இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. ஒரே குடும்பத்துக்கென்று கட்டிய இந்த வீடுகளின் குறுக்கே பலகை அடித்தார்கள். ரேழி மூலை அடுப்படியானது. கொல்லையில் ஓடு வேய்ந்து இன்னொரு குடும்பம் வந்தது. ‘போர்ஷன்’ என்ற சொல் தமிழாகவே ஆகிவிட்டது.

1941 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை சுமார் 7.77 லட்சம், 1951இல் 14.16 லட்சம். இடையில் நகர எல்லை விரிந்ததும் இதில் சேரும். ஆனாலும் கோட்டை, துறைமுகம், ரயில்வே என்று குமாஸ்தா வேலைக்கு வந்தவர்களுக்குத் தனி வீடு எட்டாக்கனி. ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கிய தியாகராய நகரிலும் மாடிப் போர்ஷனும் அவுட்ஹவுஸும் முளைத்தன.

விடியற்காலையில் ஒரே குழாயடியில் எல்லாக் குடித்தனத்தின் குடங்களும் வரிசையில் நிற்கும். தண்ணீர், கழிப்பறை, மின்சார மீட்டர், எல்லாமே பொது, சண்டையும் பொது. ஒரு குடும்பத்துக்குத் தோண்டிய கிணறு ஐந்தாறு குடும்பங்களைத் தாங்கியது. இத்தனைக்கும் தெருவின் முகம் மாறவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதே திண்ணை, அதே தூண். கோயிலும் நல்ல பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்தில் இருக்கும் இடத்தில், குறைந்த சம்பளக்காரரும் வாழ முடிந்தது. இதை வெறும் நெருக்கடி என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. 1968இல் வந்த பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ படமும் இப்படியொரு வீட்டில்தான் நடக்கிறது. அநாதையான மாதுவுக்கு மாடிப்படிக்கு அடியில்தான் இடம்.

1960இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகைக்கு வழி செய்தது. வீட்டுக்காரர் நினைத்தபடி காலி செய்யச் சொல்லவும் விடவில்லை. குடியிருப்பவருக்கு அது பெரிய அரண். பழைய வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாத வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். சுவர்களில் காரை உதிர்ந்தது.

பிறகு ஃபிளாட் வந்தது. இடித்த வீட்டுக்காரருக்குப் பங்காக ஒன்றிரண்டு ஃபிளாட் கிடைத்தது. கொல்லைக்கட்டில் இருந்தவர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஆதம்பாக்கத்திலோ அம்பத்தூரிலோ வீடு தேடப் போனார்.