மூப்பெய்தாப் பூச்சி

திருமங்கலத்துக் கரிசல் நிலத்திலே, பருத்திக் காய் வெடிக்கும் பருவத்தில் செடியை அசைத்தால், சிவந்த பூச்சிகள் கூட்டமாக ஓடக் காணலாம். ஊசி போன்ற வாயால் விதையின் சாற்றை உறிஞ்சி, வெண்பஞ்சிலே கறை படியச் செய்வன இவை. குஞ்சு ஐந்து முறை தோலுரிக்கும். ஐந்தாம் முறை இறகு பெற்று, முதிர்ந்து, இனம் பெருக்கும். முதிராமலே இதனை நிறுத்திவிட இயலுமாயின்?

பூச்சியின் மூளைக்குப் பின்னுள்ள சிறு சுரப்பியொன்று இளமையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது என்பதை 1930-களில் இங்கிலாந்தின் விக்கில்ஸ்வொர்த் காட்டினார். அது பெருகியிருக்கும்வரை பூச்சி குஞ்சாகவே இருக்கும், வற்றியதும் முதிரும்.

பிராக் நகரத்து அறிஞர் ஸ்லாமா, தாம் வளர்த்த செம்பூச்சிகளுடன் 1964-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சென்றார். அங்கே அவை முதிரவேயில்லை. ஆறாம் முறையும் குஞ்சாகவே தோலுரித்து மடிந்தன. அவரும் பேராசிரியர் வில்லியம்ஸும் உணவை ஐயுற்றனர், நீரை ஐயுற்றனர். குற்றவாளி, குப்பியிலே விரித்திருந்த காகிதத் துண்டு! அக்காகிதத்துக்கு மூலமான பால்சம் ஃபிர் என்னும் ஊசியிலை மரம், இளமை ஹார்மோனை ஒத்த பொருளைத் தன்னுள் வைத்திருந்தது. அமெரிக்க நாளிதழ்த் தாள்களும் அதே வேலையைச் செய்தன. இலண்டன் டைம்ஸ் தாளோ ஒன்றும் செய்யவில்லை. பிழைத்த சோதனையைத் தூக்கி எறியாமல் துருவிய அப்பொறுமையை எத்துணை வியந்தாலும் தகும்.

அம்மரப்பொருள் இச்செம்பூச்சிக் குடும்பம் ஒன்றையே தாக்குவது. நம் பருத்திப் பூச்சியும் அக்குடும்பமே. டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சக்சேனா, வில்லியம்ஸுடன் சேர்ந்து, பருத்திச் செம்பூச்சியின் முதிர்ச்சியையும் அது தடுப்பதை 1966-இல் வெளியிட்டார்.

ஆயினும் பூச்சி சும்மா இருப்பதில்லை. முதிரும் வேளை வந்ததும், எஸ்டரேஸ் என்னும் நொதியைத் தன் குருதியிலே பெருக்கி, எஞ்சிய ஹார்மோனைச் சிதைத்துவிடும். அந்நொதியையே அடைத்தால் என்ன என்று எண்ணினார் கலிபோர்னியாவின் புரூஸ் ஹேமக். ஹார்மோனின் வடிவை ஒத்து, மூன்று ஃப்ளோரின் அணுக்களைத் தாங்கிய கீட்டோன்களை அவர் குழுவினர் 1980-களில் அமைத்தனர். நொதி ஹார்மோனென்றே எண்ணி இவற்றைப் பற்றும். பற்றியபின் வெட்டவும் மாட்டாது, எளிதில் விடவும் மாட்டாது. முட்டைக்கோசைத் தின்னும் புழு இவ்வாறு காலந்தாழ்த்தியே கூட்டுப்புழுவாயிற்று.

இங்கேதான் சிக்கல். இளமை நீண்ட புழு, தின்னும் நாளும் நீள்கிறதன்றோ! கோசுத் தோட்டக்காரனுக்கு அது எவ்வாறு உதவும்? பட்டு வளர்ப்போனுக்காயின் அதுவே ஆதாயம்: ஹார்மோனின் போலியைத் தக்க நாளில் இட்டால் பட்டுப்புழு கூடுதலாக உண்டு, பருத்த கூடு கட்டும். கொசுவின் புழுவோ நீரிலே கிடப்பது, நம்மைக் கடிப்பதில்லை. ஆகவே மெத்தொப்ரீன் என்னும் ஹார்மோன் போலி 1970-களிலேயே கொசு ஒழிப்புக்கு வந்துவிட்டது. நொதியை அடைக்கும் கீட்டோன்களோ ஆய்வுக்கூடக் கருவிகளாகவே நின்றன.

ஹேமக்குக்கு வேறொரு பயன் கிட்டியது. அதே ஹார்மோனைச் சிதைக்கும் இன்னொரு நொதியைத் தேடுகையில், அதன் உறவு நொதி பாலூட்டிகளின் உடலிலும் இருக்கக் கண்டார். அதனை அடைக்கும் பொருள்கள், வலி தணிக்கும் மருந்துகளாக மனிதரிடம் முதற்கட்டச் சோதனைவரை சென்றுள்ளன.