காற்பந்து வந்த வழி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் சங்கங்கள் மோதினால் சென்னை நாளிதழ்கள் அதைக் கால்பந்து என்று எழுதும். சிங்கப்பூர்த் தமிழ் முரசு காற்பந்து என்று அச்சிடும். யாழ்ப்பாணத்து இதழ்களில் பெரும்பாலும் அது உதைபந்தாட்டம். ஆட்டம் ஒன்று, மொழியும் ஒன்று, பெயர் மட்டும் மூன்று.

இந்த வேறுபாடு கூத்தாநல்லூர்க்காரர்களுக்குப் பழக்கமானது. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவரை இங்கே சபராளி என்போம். சபர் என்றால் அரபியில் பயணம். சபராளிகள் கொண்டுவரும் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் கைலிக்கும் இடையே மடித்துவைத்த பழைய செய்தித்தாள்கள் இருக்கும். அவற்றில்தான் காற்பந்து என்ற எழுத்துக்கூட்டலைச் சிறுவயதில் முதலில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டதோ கால்பந்து. எது சரி என்று கேட்டுக்கொண்டு போனால் அந்தக் கேள்வி ஸ்காட்லாந்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

பந்து நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் பெண்பிள்ளைகளின் விளையாட்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடித்துக்கொண்டே பாடுவதற்குக் கந்துகவரி என்று தனிப் பாட்டு வகையே இருக்கிறது. பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதி; குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் இடம். எல்லாவற்றிலும் பந்து கையோடுதான் இருக்கிறது. தரையில் மோதி எழும், கை தட்டும், வளை குலுங்கும். கால் சுழன்று இடம் மாறுமே தவிரப் பந்தைத் தொடாது.

குதிரையேறியவர்களுக்குச் செண்டு இருந்தது. செண்டு என்றால் பந்து, பூங்கொத்து, முனை வளைந்த கோல் என்று பல பொருள். குதிரை பழக்கும் திடலுக்குச் செண்டுவெளி என்று பெயர். பக்கத்து மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமியைச் செண்டலங்காரர் என்பார்கள். அங்கே செண்டு, மாடு மேய்ப்பவர் கையிலிருக்கும் கோல். ஆக, கையில் பந்து, குதிரைமேல் செண்டு. காலுக்கென்று ஒரு பந்தை நம் பழைய நூல்களில் நான் கண்டதில்லை. இருந்திருந்தால்தான் வியப்பு. தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்கள் இவை. உதை என்ற சொல்லுக்கும் நம்மிடம் தண்டனை என்ற பொருள்தான் முதலில் நிற்கும்: அடி, உதை.

காலையும் பந்தையும் சேர்த்த பெயர் ஸ்காட்லாந்தில் முதலில் தலைகாட்டுவது ஒரு தடைச் சட்டத்தில். 1424-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் நாடாளுமன்றம், எவனும் ‘ஃபுட்பால்’ ஆடக்கூடாது, ஆடினால் 4 பென்ஸ் அபராதம் என்று விதித்தது. 1457-இல் அதோடு கோல்ஃபும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. ஆண்கள் வில்வித்தை பழகவேண்டிய நேரத்தைப் பந்து தின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் அரண்மனையின் கவலை. அந்த அரண்மனையே பிறகு பந்துக்கு இடம் கொடுத்தது. ஸ்டெர்லிங் கோட்டையில் அரசியின் அறைச் சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் அகப்பட்ட ஒரு பந்து 1540-களைச் சேர்ந்தது. இன்று கிடைத்திருக்கும் கால்பந்துகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி, மேலே தோல் தைத்த சிறு பந்து. நம் ஊர்த் திடல்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை ஆடிய பந்தும் இதே அமைப்புதான். உள்ளே ரப்பர் பிளாடர், வெளியே தோல், வாயைக் கட்ட ஒரு நாடா. மழையில் நனைந்து கனத்த பந்தைத் தலையால் முட்டும்போது அந்த நாடா முடிச்சு நெற்றியில் பட்டால் தெரியும் வலி.

ஆங்கிலப் பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு. காலால் உதைப்பதால் ஃபுட்பாலா, குதிரையில் ஏறாமல் தரையில் காலூன்றி ஆடுவதால் ஃபுட்பாலா என்று ஆராய்ச்சியாளர்கள் இரு பக்கமும் பேசுகிறார்கள். பழைய ஆட்டங்களில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்தார்கள் என்பது இரண்டாம் கட்சிக்கு வலு. செண்டையும் பந்தையும் தனித்தனியே வைத்திருந்த தமிழுக்கு அந்த விளக்கமும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பெயர் தமிழுக்கு வந்தபோது எந்த ஐயமும் இல்லை. காலால் உதைக்கும் பந்து. அவ்வளவுதான்.

அதற்குக் காரணம், வந்த ஆட்டம் விதிகளுக்குள் அடங்கிய ஆட்டம். 1867-இல் கிளாஸ்கோவில் குயின்ஸ் பார்க் சங்கம் தொடங்கியது. 1872 நவம்பர் 30 அன்று பார்ட்டிக் பகுதியின் ஹாமில்டன் கிரசென்ட் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டம் உலகின் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டு ஆட்டம். ஸ்காட்லாந்து அணியில் நின்ற அத்தனை பேரும் குயின்ஸ் பார்க்காரர்கள். கோல் எதுவும் விழவில்லை. பந்தைத் தனியாளாக உருட்டிக்கொண்டு ஓடுவதை விட்டு, ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடும் முறையை வளர்த்தவர்கள் அவர்களே. ஸ்காட்லாந்து எழுத்தில் ‘ஃபுட்பால்’ என்றாலும் கிளாஸ்கோ வாயில் அது ‘ஃபிட்பா’. சொந்த ஊரிலேயே எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று.

இந்தியாவுக்கு அதைச் சுமந்து வந்தவர்களில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் முன்வரிசை. 1888-இல் சிம்லாவில் முதல் டூரண்ட் கோப்பை. இறுதியாட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூசிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை வென்றது. இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைகள். அடுத்த ஏழாண்டும் கோப்பை ஸ்காட்லாந்துப் படைகளின் கையை விட்டுப் போகவில்லை.

பெயர் வைக்கும் வேலை தமிழுக்கு வந்தபோது இரண்டு வழி பிரிந்தது. இலங்கைத் தமிழ் செயலைப் பிடித்துக்கொண்டது. உதைபந்து: உதைத்த, உதைக்கின்ற, உதைக்கும் பந்து. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. அதனால்தான் நடுவில் ப் மிகாது. உதைப்பந்து என்று எழுதினால் சொல்லின் எலும்பே முறியும். தமிழ்நாடும் மலாயாவும் உறுப்பைப் பிடித்துக்கொண்டன: காலால் உதைக்கும் பந்து, வேற்றுமைத் தொகை. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரத்துக்குப் பின் வல்லினம் வந்தால் ல் றகரமாகும் என்பது நன்னூல் விதி. நெல்+கதிர் நெற்கதிர் ஆவதுபோல, கல்+பலகை கற்பலகை ஆவதுபோல, கால்+பந்து காற்பந்து. நெற்கதிர் என்று பிழையில்லாமல் எழுதுகிற டெல்டாக்காரன் காற்பந்தைக் கண்டு மட்டும் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அச்சில் சொற்களைப் பிரித்து, படிக்க எளிதாக எழுதும் வழக்கம் பரவியபோது கால்பந்து நிலைத்தது. பாற்குடம் பால்குடம் ஆனதும் இதே வழியில்தான். அதை நான் குறைசொல்ல மாட்டேன். பேச்சில் நாமெல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தார் காற்சட்டை என்று விதிப்படி எழுதுவார்கள், பந்துக்கு மட்டும் உதையைத் தேர்ந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த முரண்.

மலாயா எப்படிக் காலைப் பிடித்தது? சுற்றிலும் கேட்ட மலாய்ச் சொல் ‘போலா செபாக்’. போலா போர்த்துகீசியர் விட்டுப்போன பந்து. செபாக் என்றால் உதை. பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடும் செபாக் ராகா மலாய்க்காரர்களிடம் வெள்ளைக்காரன் வருமுன்பே இருந்தது. அக்கம்பக்கமெல்லாம் உதை என்று சொன்ன மண்ணில் தமிழர் கால் என்று சொன்னார்கள், அதையும் இலக்கணம் பிசகாமல். இதில் பள்ளிப் புத்தகங்களுக்கும் பத்திரிகைக்கும் பெரும் பங்கு. 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூரில் பிறந்தவர், எங்களுக்குப் பக்கத்து ஊர்.

அங்கே ஆட்டத்துக்கும் குறைவில்லை. எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் அதிகாரிகள் 1921-இல் கொடுத்த மலாயா கோப்பையின் முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர், சிலாங்கூரை 2-1 என்று வென்றது. பின்னாளில் மலேசியக் கோல்கம்பத்தைக் காத்த ஆர். ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடியது. சபராளிகள் ஊருக்குக் கொண்டுவந்த பேச்சில் அந்தப் பெயர் பெருமையோடு வரும்.

அவர்களை ஏற்றிப்போன கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய்வந்த ரஜூலாவை டெல்டாவில் அறியாதவர் இல்லை. டெக்கில் பாய் விரித்துக் கிடந்த நாட்களைப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். அந்த ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவின் வைட்இஞ்ச் பகுதியில், கிளைட் ஆற்றங்கரையில், பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டியது. முதல் பன்னாட்டு ஆட்டம் நடந்த பார்ட்டிக் அதற்கு அடுத்த பகுதி. அந்நாளில் ஸ்காட்லாந்துக் கால்பந்தைப் பார்க்கத் திரண்டவர்களில் பலர் அந்த ஆற்றங்கரைக் கப்பல் பட்டறை ஆட்கள்தான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நேரே திடலுக்குப் போனவர்கள். 1937-இல் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் நின்றார்கள். காற்பந்து என்ற சொல்லைச் சுமந்து எங்கள் ஊர்ப் பெட்டிகளும் தைலப் புட்டிகளும் வந்தது அந்தக் கைகள் செய்த கப்பலில் என்பது எனக்குப் பெரிய செய்தி.

அதே ஆற்றங்கரைக்கு இந்தியாவிலிருந்து ஒரு கால் போனது. கல்கத்தா மொகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டு கல்கத்தா லீக்கை வென்ற காலம். அந்த அணியின் முகமது சலீம் 1936-இல் கிளாஸ்கோ போனார். வைட்இஞ்சுக்கு அடுத்த ஸ்காட்ஸ்டனில் அவர் உறவினர் ஒருவர் இருந்தார். அந்த உறவினர் கேட்டுக்கொண்டதன்பேரில் செல்டிக் மேலாளர் வில்லி மேலி சலீமை ஆடவிட்டார். பூட்ஸ் போட்டுப் பழகாத சலீம் பாதத்தில் துணிக்கட்டு சுற்றிக்கொண்டு இறங்கினார். கால்ஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று வென்றது. மறுநாள் பத்திரிகை அவரை இந்திய வித்தைக்காரர் என்று புகழ்ந்தது. பந்து விரலிலிருந்து விரலுக்கு உருண்டதைப் பார்த்த கூட்டம் வாய்பிளந்தது. ஊர் நினைப்பு வாட்ட, விரைவிலேயே அவர் திரும்பிவிட்டார். காலும் பந்தும் நடுவில் தோல் பூட்ஸ் இல்லாமல் நேராகத் தொட்ட அந்த ஆட்டங்களுக்குக் காற்பந்து என்ற பெயர் முழுதாகப் பொருந்துகிறது.

செல்டிக், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்களுக்காக 1887-இல் பிறந்த சங்கம். 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது, அந்த அணியில் ஆடிய எல்லாரும் செல்டிக் திடலிலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். கூத்தாநல்லூரை நடுவில் வைத்து 30 மைல் சுற்றினால் மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை எல்லாம் அடங்கும். அந்த வட்டத்திலிருந்து 11 பேர் போய் ஐரோப்பாவை வெல்வதை எண்ணிப் பாருங்கள். இன்று எந்தப் பெரிய சங்கத்திலும் நடக்காத காரியம் அது. அதே 1967-இல், ஒரு தன்னார்வப் படையின் பெயரைத் தாங்கிய மூன்றாம் லனார்க் என்ற 95 ஆண்டுச் சங்கம் கடனில் மூடப்பட்டது. 1904-இல் லீக்கையே வென்ற சங்கம். பெயர் போனால் ஊரின் ஒரு பகுதி போய்விடும் என்று கிளாஸ்கோ முதியவர்கள் இன்றும் வருந்துவது நியாயம்.

எங்கள் ஊர்ப் பையன்கள் திடலில் பேசும்போது மூன்று பெயரும் வராது. ‘பந்து ஆடப் போறோம்’ அல்லது புட்பால். கோலி, பேக், பவுல், பெனால்டி. அது போதும், ஆட்டத்துக்கு அதுதான் மொழி. எழுத்து தேவைப்படுவது போட்டிச் சுவரொட்டி அடிக்கும்போது. கால்பந்தா காற்பந்தா என்று என்னைக் கேட்டால், இங்கே காற்பந்து என்றே போடச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வேறு எந்த ஊர் எழுதினாலும் அது இலக்கணமாக மட்டும் இருக்கும். கூத்தாநல்லூர் எழுதினால் அதில் ரஜூலாவில் போய்வந்தவர்களின் கணக்கும் சேர்ந்திருக்கும். அகராதி செய்பவர்களிடம் கேட்பதும் இதுதான்: மூன்று சொல்லையும் சேருங்கள், ஒன்றைத் தலைச்சொல்லாக்கி மற்றதைப் பிழை என்று தள்ளாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வழங்கும் ஊரைக் குறியுங்கள்.